ஒரே அடியில் எடுக்கிற வண்டி

அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, மேடம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், வருகிறவன் போகிறவன் எல்லாம் ஆளைக் கொன்ற வண்டி என்று கை நீட்டிக் காட்டுகிறான். உள்ளே வரும்போது ஒருத்தர் அதன் முகப்பில் துப்பிவிட்டுப் போவதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பழைய லாரிதான். பெயின்ட் போய்விட்டது, மழை வந்தால் கேபின் ஒழுகும், ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்தால் ஒரே அடியில் எடுத்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில்கூட இரண்டாவது அடி கேட்டதில்லை.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள், அதில் உங்கள்மேல் தப்பு ஏதும் இல்லை. அன்றைக்கு நான் சொன்னதை வைத்துத்தானே எழுதினீர்கள். இன்றைக்கு மீதியையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும். பரவாயில்லையா?

என் பேர் ஜானகிராமன். நெமிலிச்சேரியில் சொந்த வீடு. வண்டியை நான் ஓட்டுவேன், தம்பி பாண்டியன் லோடு பார்ப்பான். திருமழிசை எஸ்டேட்டில் இரும்புச் சாமான் ஏற்றி அம்பத்தூரில் இறக்குவோம். ஒரே வீடு, ஒரே உலை. எனக்கும் என் வீட்டுக்காரி பேபிக்கும் குழந்தை இல்லை. டாக்டர், கோயில், குளம் எல்லாம் பார்த்து ஓய்ந்தாயிற்று, அதை விடுங்கள். பாண்டியனுக்குக் கல்யாணம் ரொம்பத் தாமதமாகத்தான் ஆனது. அவனுக்கும் சுரேகாவுக்கும் ஒரே பெண். தேவிப்பிரியா. நாங்கள் தேவி என்போம். ஐந்து வயசு.

சுரேகா அம்பத்தூரில் துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறவள். குழந்தை குப்புற விழுகிறதற்கு முன்னாலேயே வேலைக்குத் திரும்பிவிட்டாள், கம்பெனியில் அதற்குமேல் லீவு தரவில்லை. அதனால் தேவியை வளர்த்தது பேபியும் நானும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, யார் வேண்டுமானாலும் தெருவில் கேட்டுப் பாருங்கள். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்ததும் கேபினில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், ரசம் சாதத்தை அங்கேயே கொண்டுபோய் ஊட்ட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கியர் போடுகிற விளையாட்டு. நிற்கிற வண்டிதானே. நான் கிளட்சை மிதித்துக்கொள்வேன், அவள் கை கியர் குமிழின்மேல் இருக்கும், அவள் கைமேல் என் கை. ஃபர்ஸ்டு, செகண்டு, தேர்டு என்று அவளே சொல்லிக்கொண்டு போடுவாள். ரிவர்ஸ் மட்டும் முடியாது. எங்கள் வண்டியில் குமிழைக் கீழே அமுக்கித்தான் இழுக்க வேண்டும், பெரிய ஆளுக்கே தோள் வலிக்கும். அப்போது மட்டும் என்னை அண்ணாந்து பார்த்து, “பெரிப்பா, அமுக்கு” என்பாள். நான் அமுக்குவேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுப்போம். விழுந்ததும் கைதட்டுவாள்.

போன சித்திரையில் அவளுக்கு நல்ல ஜுரம். சுரேகா லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “நீ வாணாம், பேபிம்மா வரட்டும்” என்று கையைத் தட்டிவிட்டது. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். சுரேகா துணியை பேபி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். அதையும் மறைக்கக் கூடாது.

அதற்கப்புறம்தான் முகப்பேர் பேச்சு எழுந்தது. அங்கே ஹவுசிங் போர்டு பிளாட் ஒன்று வாடகைக்கு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், சுரேகாவுக்கு கம்பெனி வேன் வாசலிலேயே வரும். பாண்டியனுக்கும் அங்கே ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலை. எல்லாமே சரியாகத்தான் இருந்தது. நான் குறை கண்டுபிடிக்க முயன்றேன், ஒன்றும் அகப்படவில்லை. சுரேகாமேல் எனக்குக் கோபமில்லை, அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பெற்றவள் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது நியாயம்தானே. நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது. எனக்கு மிச்சம் இருந்தது குழந்தை மட்டும்தான்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் குடிபோவதாக முடிவானது. ஆனி முழுக்க பிளாட்டில் பெயின்ட் வேலை முடியாமல் தள்ளித் தள்ளிப்போய்க் கடைசியில் அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. காலையில் நல்ல நேரம் முடிவதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும். தவறினால் மறுநாள் ஆடி. எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். அப்புறம் ஆவணிதான்.

அதாவது ஒரு மாசம். அந்த ஒரு மாசத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஒரு மாசம் என்பது சாதாரணக் காலம் இல்லை, மேடம். பிளாட்காரர் வேறு ஆளைப் பார்த்திருப்பார். பள்ளிக்கூடத்தில் இடம் போயிருக்கும். சுரேகாவின் மனசு ஆறியிருக்கும். எதுவும் நடக்காவிட்டாலும் ஒரு மாசம் குழந்தை என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பாள். நான் கேட்டது அவ்வளவுதான், அதிகம் இல்லை.

டீசல் வண்டி சாவியை மூடினால் நிற்காது, அந்தக் காலத்து வண்டி. கேபினில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி போய் டீசல் பம்பில் இருக்கிற சின்னக் கொக்கியை இழுக்கும், டீசல் அடைபடும், இன்ஜின் நிற்கும். குமிழை விட்டால் கொக்கி தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அந்தக் கொக்கியை இழுத்த நிலையிலேயே கட்டிவிட்டால் என்ன ஆகும்? செல்ஃப் எடுக்கும். இன்ஜின் சுற்றும். ஆனால் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி சாகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கலாம்.

விடிகிற நேரத்தில், பேபி பால் வாங்கப் போயிருந்தபோது, கேபினுக்குள் இன்ஜின் மூடியைத் திறந்து கட்டுக்கம்பியால் அந்தக் கொக்கியை இறுக்கிக் கட்டினேன். சின்ன வேலை. அப்புறம் சாமான் ஏற்றும்போது, சாமி படங்களை எல்லாம் வேட்டியில் சுற்றிக் கேபினில் இன்ஜின் மூடியின்மேல் வைக்கச் சொன்னேன். பின்னால் வைத்தால் கண்ணாடி உடைந்துவிடும் என்றேன். பாண்டியன், “கரெக்டுதான்ணா” என்றான். புது வீட்டுக்குப் போகிற சாமி படத்தை ஏற்றியபின் யாரும் இறக்கமாட்டார்கள். மூடியை யாரும் திறக்க மாட்டார்கள். அந்த யோசனை எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் தெரு ஏரிப் பக்கமாகச் சரியும். வண்டி சரிவைப் பார்த்து நின்றது. ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்பதால் பின்சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்திருந்தோம். வண்டி முன்னால் உருளாமல் இருக்க அது போதும். பின்னால் யாரும் கல் வைப்பதில்லை, மேட்டில் எந்த வண்டியும் தானாக ஏறாது. சுரேகா கற்பூரம் சுற்றிவிட்டு முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி கிளம்பும்போது அவை நசுங்க வேண்டும், அதுதான் சாஸ்திரம். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். தேவி ஓடி வந்து ஏறிக்கொண்டாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் படுக்கை மூட்டையின்மேல், கியருக்கு எதிரே உட்கார்ந்தாள். பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். கியர் விழுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் வண்டி பாய்ந்துவிடும், அதனால் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன்.

செல்ஃப் நன்றாக எடுத்தது. இன்ஜின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதேதான்.

“இன்னாண்ணா ஆச்சி?” பாண்டியன் கீழிருந்து கேட்டான்.

“தெரியலடா. செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆவல.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. டீசல் டேங்க்கைத் தட்டிப் பார்த்தான். பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்த்தான். சுரேகா செல்போனில் மணி பார்த்துக்கொண்டே வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தாள். பேபி பால் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள். புது வீட்டுக்குக் கொண்டுபோகிற பாத்திரம் அது, கீழே வைக்கக் கூடாது என்று கையிலேயே வைத்திருந்தாள். நான் எல்லாரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தால் எல்லாம் முடிந்துவிடும், மத்தியானம் எல்லாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாண்டியன் நஜீர் பாய்க்குப் போன் போட்டான். பூந்தமல்லியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவர், எங்கள் வண்டிக்கு எப்போதும் அவர்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டான்.

“பாய், செல்ஃப் எடுக்குது, வண்டி ஸ்டார்ட் ஆவமாட்டேங்குது. நல்ல நேரம் போய்கினே கீது.”

“பதறாத நைனா. டீசல் கீதா?”

“நேத்துதான் போட்டேன்.”

“பில்டர்ல ஏர் பூந்திருக்கும். கைப்பம்ப அடிச்சி ஏர எடு.”

பாண்டியன் பக்கவாட்டில் கையை விட்டுக் கைப்பம்பை அடித்தான். பில்டர் நட்டைத் தளர்த்தி நுரை போகிற வரைக்கும் விட்டான். சட்டையெல்லாம் டீசல். மாமனார் வீட்டில் எடுத்துக்கொடுத்த புதுச் சட்டை அது. “இப்ப அடிண்ணா” என்றான். அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி ஏர் எடுத்தான். மறுபடி அடித்தேன். ஒவ்வொரு தடவையும் நியூட்ரல் பார்த்துத்தான் அடித்தேன், மேடம். அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

“பின்னாடி பொகை வருதா பாரு,” என்றார் நஜீர் பாய்.

“சுத்தமா வரல பாய்.”

அவருக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

“வெள்ளப் பொகைகூட வரலன்னா டீசலே உள்ள போவல. ஸ்டாப் ஒயரு இழுத்துகினு நிக்குதா பாருங்க.”

“அத மொதல்லயே பாத்துட்டேன் பாய், நல்லாத்தான் கீது,” என்று நான் கேபினிலிருந்தே சொன்னேன். குமிழை இழுத்து விட்டும் காட்டினேன். பாண்டியன் நம்பினான். என் வார்த்தையை அவன் நம்பாமல் இருந்ததே இல்லை.

“அப்ப நான் கண்ணால பாத்தாத்தான் தெரியும். தோ, கெளம்பிட்டேன், வந்துகினே கீறேன்,” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவர் வந்து சேர்வதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். அப்புறம் அவர் கண்டுபிடித்தால்கூட, பழைய கம்பி மாட்டிக்கொண்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தேவி என் பக்கம் சாய்ந்து, “பெரிப்பா, வண்டிக்கு ஜொரமா?” என்று கேட்டாள். ஆமாம்டா செல்லம் என்றேன்.

அப்போது சுரேகா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள், நாள் நட்சத்திரம் பார்க்காமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்காதவள். என் கணக்கு முழுவதும் அவள் பக்திமேல்தான் நின்றது. அவள் நேராக வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நேரம் போனா போவட்டும். ஆடியும் வாணாம் ஆவணியும் வாணாம், இன்னிக்கே போறோம். வேற வண்டி சொல்லுங்க.”

“இன்னாடி பேசற? ஏத்துன சாமான எறக்கறதா? நாளைக்கு ஆடி,” என்றான் பாண்டியன்.

“ஆடில போனா சாமி கண்ண குத்துனா குத்தட்டுங்க. இன்னொரு மாசம் இந்த ஊட்ல கீந்தா எம்புள்ள எனக்கு இல்லாம பூடும்.” சொல்லிவிட்டு அழுதாள். தெருவே பார்க்க அழுதாள். பேபி போய்த் தோளைத் தொட்டாள், அவள் விலக்கிவிட்டாள். அழுதுகொண்டே செல்போனை எடுத்து வேறு வண்டிக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த நிமிஷம் எனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஒரு மாசமும் இல்லை, ஒரு நாளும் இல்லை. கம்பி கட்டினேன், சாமி படத்தை வைத்தேன், காலை முழுக்க நடித்தேன். எல்லாம் வீண். இறங்கி அவள் காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். விழுந்திருக்கலாம். ஏன் விழவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பாண்டியன்தான் சமாதானம் செய்தான். “தே, இரு சுரேகா. அடியில பூந்து ஒரு வாட்டி பாத்துர்றேன். அதுக்கப்புறம் நீ சொல்றதச் செய்யறேன்.” ஒரு கோணிப்பையை விரித்தான். இடப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தான். மேலே மூடியைத் திறக்க வழியில்லை, சாமி படம் இருக்கிறதே. பம்பைப் பார்க்க வேண்டுமானால் அங்கே படுத்துத்தான் பார்க்க முடியும். சுரேகாவும் பேபியும் வாசலில் இருந்தார்கள். கேபினில் நானும் தேவியும்.

கீழே கை துழாவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றுவிட்டது.

“அண்ணா.”

“இன்னாடா?”

“கட்டுக்கம்பி போட்டுக் கட்டிகீது.”

பாண்டியன் சத்தம் போடவில்லை, மேடம். அவன் சுபாவம் அப்படி. வெளியில் யாருக்கும் கேட்காமல், இன்ஜின் இடுக்கு வழியாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

“நீயாண்ணா?”

நான் கண்ணாடியில் வாசல் பக்கம் பார்த்தேன்.

“சரி வுடு. அவகிட்ட சொல்லமாட்டேன். அண்ணிகிட்டயும் சொல்லமாட்டேன். அவுத்துடறேன், வண்டி கெளம்பட்டும்.” கம்பியை முறுக்கி அவிழ்க்கிறான் என்று தெரிந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. “ஆனா ஒண்ணுண்ணா. கோச்சிக்காத. கொஞ்ச நாளு அந்தப் பக்கம் வராத. புள்ள எங்ககூட ஒட்டட்டும். அப்புறம் நானே கூட்டினு வரேன்.”

இதில் என்ன தப்பு இருக்கிறது சொல்லுங்கள். ஒன்றுமில்லை. நல்ல அண்ணனுக்கு நல்ல தம்பி சொல்லவேண்டியதைத்தான் சொன்னான். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டான். மன்னித்துவிட்டு, வராதே என்றான்.

நான் தேவியைப் பார்த்தேன். “கியர் போடலாமா?” என்றேன். காலையிலிருந்து யாரும் அவளிடம் சிரித்துப் பேசவில்லை, குழந்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. குமிழின்மேல் கையை வைத்தாள். அவள் கைமேல் என் கையை வைத்தேன். ஃபர்ஸ்டா என்று கேட்டாள். ரிவர்ஸ் என்றேன். “பெரிப்பா, அமுக்கு” என்றாள். அமுக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். விழுந்தது. கைதட்டினாள்.

கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

கீழே இருந்து பாண்டியன், “அவுத்துட்டேன். இப்ப அடிண்ணா” என்றான்.

அவன் அடி என்றான், நான் அடித்தேன். காலையிலிருந்து அவன் சொன்னபோதெல்லாம் அடித்த மாதிரிதான். ஒரே அடியில் எடுத்துக்கொண்டது. நான் சொன்னேன் அல்லவா, அது நல்ல வண்டி.

சுரேகா போட்ட சத்தத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. வண்டி ரொம்ப தூரம் போகவில்லை, ஒரு ஆள் நீளம் பின்னால் ஏறியது, நிறுத்திவிட்டேன். எலுமிச்சம்பழம் இரண்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. ஜனங்கள் ஓடி வந்தார்கள். நஜீர் பாயும் அப்போதுதான் வந்து இறங்கினார். கேபின் கதவைத் திறந்து, “கியரு எப்படிண்ணே வுழுந்திச்சி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் குழந்தையைக் காட்டினேன்.

“வெளயாட்டா தட்டிடுச்சி பாய். நான் கவனிக்கல.”

அவர் கியர் குமிழையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே பாண்டியனிடம் குனிந்துவிட்டார். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன், மேடம். ஐந்து வயசுக் குழந்தையைச் சட்டம் ஒன்றும் செய்யாது. ஊரும் குழந்தையைத் திட்டாது, அறியாப் பிள்ளை என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடும். அவளுக்கும் வளர வளர மறந்துவிடும். நான் உள்ளே போய்விட்டால் அவளைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? யாருக்கும் நஷ்டமில்லாத பதில் அதுதான் என்று எனக்குப் பட்டது.

காரியமெல்லாம் முடிந்தது. சுரேகா குழந்தையை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. ஆனால் தேவி பக்கத்தில் வந்தால் அவள் கண் நேராகக் குழந்தையின் வலது கைக்குப் போய்விடும். குழந்தைக்கு அது புரிந்துவிட்டது. ஒருநாள் சுரேகா, “என்னால முடியலக்கா, நீங்களே வெச்சிக்கோங்க” என்று பேபியிடம் சொல்லிவிட்டு ஆவடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிளாட்டும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. நான் ஒரு மாசம் கேட்டேன், எனக்கு முழுசாகக் கிடைத்தது.

ஆனால் கிடைத்த குழந்தை அந்தக் குழந்தை இல்லை. தேவி பேசுவதை விட்டுவிட்டாள். உட்கார்ந்தால் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். சோற்றைத் தொடமாட்டாள், பேபிதான் ஊட்ட வேண்டும். பொம்மையை இடது கையால் தூக்குவாள். ராத்திரி என் காதைப் பிடிப்பதில்லை. நானாகவே கையை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். அவள் உடம்பு நடுங்கியது. தூக்கத்தில் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் குளிப்பாட்டும்போது பேபி அவள் வலது கையை எடுத்துச் சோப்புப் போட்டிருக்கிறாள். அது கெட்ட கை, கழுவாதே என்று குழந்தை வாய் திறந்திருக்கிறது. பேபி மெல்ல மெல்லக் கேட்டிருக்கிறாள். “நான் இழுத்தேன் பேபிம்மா. பெரிப்பா அமுக்குனாரு.” இந்த வண்டியில் ரிவர்ஸ் விழ எவ்வளவு பலம் வேண்டும் என்று பேபிக்குத் தெரியும். குழந்தைத் துணியை ஒரு பையில் போட்டாள். ஆடிக் கடைசியில், ராகு காலத்தில், எதையும் பார்க்காமல் தேவியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆவடிக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை. உங்களிடமும் அவள் வந்து சொல்லவில்லை என்று தெரிகிறது. எனக்காக அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கம்பி கட்டியது நான். ரிவர்ஸ் போட்டது நான். கிளட்சை விட்டது நான். என் தம்பி எந்தச் சக்கரத்துக்குப் பின்னால் எப்படிப் படுத்திருக்கிறான் என்று தெரிந்துதான் சாவியைத் திருப்பினேன். குழந்தை கை சும்மா இருந்தது, அதை இரண்டு தடவை எழுதுங்கள். வண்டியையும் நஜீர் பாயிடம் விட்டுவிடுங்கள், அது என்ன செய்யும் பாவம்.

எனக்குத் தூக்கு என்றாலும் சரி, ஆயுள் என்றாலும் சரி, வக்கீல்கூட வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், மேடம். நீங்களும் பிள்ளை பெற்றவர்கள், உங்களுக்குப் புரியும். தப்பு அவளுடையது இல்லை என்று சுரேகா சொல்லிப் பார்த்திருப்பாள், பேபி சொல்லிப் பார்த்திருப்பாள், அவள் நம்பியிருக்கமாட்டாள். நான் சொன்னால்தான் கேட்பாள், எப்போதும் அப்படித்தான். ஆவணி பிறந்துவிட்டது. ஒரு நல்ல நாள் பார்த்து அவளை இங்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த வலது கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன்.